மால்சூன் கரையிறங்கிப் பார்த்த ஜப்பான்

பூசான் துறைமுகத்திலிருந்து சாயங்காலம் புறப்படும் பயணிகள் கப்பல் மறுநாள் காலை ஜப்பானின் ஷிமோனோசெகியில் போய் நிற்கும். அந்தக் கப்பலின் சமையற்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் பியோ மால்சூன். ஜப்பான் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். அத்தனை வருஷமும் போய்வந்த தேசத்தில் அவள் பார்த்தது, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலிருந்த வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பாரந்தூக்கியையும் தகரக் கொட்டகையையும்தான். கப்பல் பகல் முழுக்க அங்கேயே நிற்கும். கூட வேலை செய்த பெண்கள் இறங்கிப்போய்த் தலைவலி மாத்திரை, மிட்டாய், காலுறை என்று வாங்கி வருவார்கள். மால்சூன் மட்டும் தூக்கம் வருகிறது என்று சொல்லிப் படுத்துக்கொள்வாள்.

உண்மையில் தூக்கமெல்லாம் இல்லை. அண்ணனுக்குக் கொடுத்திருந்த வாக்கு.

வீட்டில் அவள் கடைக்குட்டி, நாலாவது பெண். 'மால்' என்றால் கடைசி. நம் ஊரில் போதும்பொண்ணு என்று வைக்கிறோமே, அதே கதைதான். அவளுடைய அப்பா பதினெட்டு வயதில், போர்க்காலத்தில், ஜப்பானுக்கு ஆள்பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர். ஷிமோனோசெகியைத் தாண்டிய கடற்கரையில் ஏதோ ஒரு நிலக்கரிச் சுரங்கம். போர் முடிந்து உயிரோடு திரும்பி, பூசானில் மூட்டை சுமந்து, ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். சுரங்கத்தைப் பற்றி வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் குடித்திருந்தபோது. "கடலுக்கு அடியில வெட்டிட்டிருப்போம். தலைக்கு மேல மீன்பிடிப் படகு போற சத்தம் கேக்கும்." அவ்வளவுதான். அந்த வீட்டுக்குள் ஜப்பான் சாமான் ஒரு ஊசிகூட நுழைந்ததில்லை.

அவர் காலமான பிறகு மால்சூனுக்குக் கப்பல் வேலை கிடைத்தபோது அண்ணன் இன்சிக் கொதித்துப்போனார். "வயித்துப்பாட்டுக்குப் போறேன் அண்ணே. அந்த மண்ணுல மட்டும் கால் வைக்கமாட்டேன்" என்று அவள் சொன்னதற்கப்புறமே அவர் அடங்கினார். சொன்னதைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று சமையற்கட்டு ஆட்கள் சேர்ந்து அவளுக்கு ஒரு பழைய கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. தட்டுகளைத் திரும்ப வாங்கி அடுக்கும்போது, சாப்பிட்டு முடித்த சில தட்டுகளைப் போனில் படம் எடுத்துவைப்பது அவள் வழக்கம். தட்டைப் பார்த்தே சாப்பிட்ட ஆளைச் சொல்லிவிடுவாள். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைப் பிள்ளைக்கு ஒதுக்கிய தாய், மீனின் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்ட புதுமாப்பிள்ளை, சூப்பை நாலு கரண்டியோடு நிறுத்திய அலைமயக்கக்காரர். தலைமைச் சமையல்காரர் சோ, கேமராவை அவள் கையில் வைத்து, "அக்கா, எச்சித் தட்டப் படம் எடுக்கிறதுன்னு ஆகிப்போச்சு. இனிமே நல்ல மெஷின்ல எடுங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் அழுதே விட்டாள்.

வீட்டில் இருக்கிறவரோ டாக்சி ஓட்டுகிறவர், பேர் கியூதே. வாய் சும்மா இருக்காது.

"கட்டின புருஷன் மூஞ்சிய ஒரு படம் எடுக்கத் தோணல. நண்டு ஓட்டப் போய்ச் சுத்திச் சுத்தி எடுக்கிறா."

"உங்க மூஞ்சி எங்க போயிடப்போகுது? நண்டு ஓடு இன்னும் அஞ்சு நிமிஷத்துல குப்பைக்குப் போயிடும்."

முதல் சில மாதங்கள் பூசான் மீன்சந்தையையே சுற்றி வந்தாள். முதல் நாளே ஒரு மீன்காரி, வாளித் தண்ணீரை அவள் காலில் படும்படி வீசி ஊற்றி, "ஏ பொம்பள, என் மூஞ்சில என்ன சினிமாவா ஓடுது? வாங்குறதுன்னா வாங்கு, இல்ல நகரு!" என்று கத்தினாள். மால்சூன் ரெண்டு கானாங்கெளுத்தி வாங்கிக்கொண்டு, "இப்ப எடுக்கலாமா?" என்று கேட்டாள். மீன்காரி இடுப்புப் பையிலிருந்து உதட்டுச்சாயம் எடுத்துப் பூசிக்கொண்டு, ராணி மாதிரி உட்கார்ந்து கொடுத்தாள். படம் எடுக்கிற வித்தையில் மால்சூன் படித்த முதல் பாடம் அது. அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டில் கானாங்கெளுத்திதான். கியூதே மீனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார்.

வசந்தம் பிறந்த சமயம், ஒருநாள் சாப்பாட்டில் அவரே சொன்னார்: "ஒரு தடவை ஜப்பானுக்குப் போய் எடுத்துட்டு வாயேன். நானாவது கொஞ்ச நாள் மீன் இல்லாம இருப்பேன்."

"அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேனே."

"வேலைக்குப் போறப்பக் குடுத்த வாக்கு. இப்பத்தான் வேலையே இல்லையே."

டாக்சிக்காரர் நியாயம். ஆனாலும் அவள் மனசில் பல வருஷமாகக் கிடந்ததை அவர் கண்டுகொண்டுதான் அப்படிச் சொன்னார் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா இருந்த அந்தக் கடற்கரையைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. ஊர்ப்பேர்கூடத் தெரியாது. அண்ணனிடம் சொல்லாமலே சீட்டு எடுத்தாள்.

அதே கப்பலில் பயணியாக ஏறியபோது அவளுக்குக் கைகால் ஓடவில்லை. சோ தானே தட்டை ஏந்திவந்து அவள் முன்னால் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் பழக்கதோஷத்தில் பக்கத்து மேசைத் தட்டுகளையும் சேர்த்து அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். உள்ளேயிருந்து ஓடிவந்த பெண்கள், "உக்காருங்கக்கா, மானத்த வாங்காதீங்க" என்று பிடுங்கிக்கொண்டார்கள். காலையில் மேல்தளத்துக்குப் போனாள். இரண்டு கரையும் நெருங்கி வந்து, நடுவில் நீர் சுழித்துக்கொண்டு ஓட, தூரத்துப் பாலத்தில் லாரிகள் எறும்பு போலப் போயின. இவ்வளவையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் முள்ளங்கி நறுக்கினோம் என்று நினைத்துக்கொண்டாள்.

இறங்கும் வழியின் கடைசியில் கால் தயங்கியது. பின்னாலிருந்தவர்கள் நெருக்கவும் காலை வைத்துவிட்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. பூசான் துறைமுகத்தில் இருக்கிற அதே சிமெண்டுத் தரைதான்.

கடலோரமாகப் போகும் சின்ன ரயிலில் ஏறி, கடல் நன்றாகத் தெரிகிற ஊரில் இறங்கிக்கொண்டாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு சாப்பாட்டுக்கடை. பக்கத்தில் இருந்தவர் மீனைத் தின்று முடித்தபோது முள்ளை மட்டும் முழுசாக, மீன் மறுபடி நீந்திப் போய்விடும் போலத் தட்டோரம் கிடத்தியிருந்தார். கிண்ணத்தின் மூடியைத் திரும்ப மூடி, சாப்பாட்டுக் குச்சிகளைக் காகித உறைக்குள் போட்டுவிட்டுப் போனார். பூசானில் சாப்பிட்டு எழுந்தால் மேசை போர்க்களமாக இருக்கும். சிப்பி ஓடு ஒரு குவியல், எலும்பு ஒரு குவியல், நாலு பேர் கரண்டி போட்ட ஒரே சட்டி. இங்கேயோ, வந்து போனதற்கே அடையாளம் வைக்கக்கூடாது என்கிற மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்ற, கடைக்காரரிடம் சைகையால் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்தாள்.

பிறகு தெருவில் நடந்தவள் ஒரு முடிதிருத்தும் கடையின் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். உள்ளே நாற்காலியில் தபால்காரர் சாய்ந்திருக்க, கடைக்காரர் குனிந்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் நுரையின்மேல் விழுந்திருந்தது. வாங்கு, கேள், அப்புறம் எடு என்று படித்த பாடம் மறந்துபோய் விரல் அழுத்திவிட்டது.

கடைக்காரர் திரும்பினார். கையில் கத்தியோடு வெளியே வந்தார்.

மால்சூன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியெல்லாம் கப்பல் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு மனப்பாடமானது. அதில் 'வருந்துகிறோம்' என்கிற கடைசிச் சொல்தான் வேண்டும். ஆனால் பாட்டை நடுவில் தொடங்க முடியாதது போல முழுசாகத்தான் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! பெரிய அலைகளின் காரணமாகக் கப்பல் ஆடக்கூடும். சிரமத்திற்கு மிகவும் வருந்துகிறோம்!"

கடைக்காரர் தன் காலடித் தரையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். உள்ளேயிருந்த தபால்காரர் பாதி நுரையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சத்தம் கேட்டு ஒரு பெண்மணி துண்டும் கையுமாக வந்தாள். கடைக்காரரின் மனைவி, பேர் ஃபுமியே. வாசலில் நிற்பவள் கொரியாக்காரி என்று தெரிந்ததும் ஃபுமியேயின் முகம் விளக்குப் போட்டது போல ஆனது. இடுப்பை வளைத்து வணங்கி, கொரிய மொழியிலேயே சொன்னாள்:

"அம்மையே! தாங்கள் எத்திசையிலிருந்து எழுந்தருளினீர்கள்? இந்த ஏழையின் குடிசை தங்கள் பாதம் பட்டுப் புனிதமாயிற்று!"

ஃபுமியே கொரிய மொழி கற்றது தொலைக்காட்சியில் வருகிற ராஜா ராணித் தொடர்களிலிருந்து. மால்சூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேமராவைத் திருப்பி, படத்தை அழித்துவிடட்டுமா என்று சைகையால் கேட்டாள். கடைக்காரர் கிஜிமா அதை வாங்கி உற்றுப் பார்த்தார். படத்தில் இருந்தது அவருடைய முதுகும் பின்னந்தலை வழுக்கையும். அவர் தன் மொழியில் சொன்னதை ஃபுமியே அரைகுறையாக எடுத்துச் சொன்னாள்:

"அழிக்காதம்மா. ஊருக்கெல்லாம் பின்னாடி கண்ணாடி காட்டுறேன். எனக்குக் காட்ட ஒருத்தரும் இல்ல. இவ்வளவு தூரம் வந்துடுச்சா வழுக்கை?"

டீ வந்தது. கூடவே மழையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிட்டதாகத் தபால்காரர் வந்து சொன்னார். மால்சூன் விடுதி எங்கே இருக்கிறது என்று கேட்க, ஃபுமியே அவள் பையைத் தூக்கி மாடிப்படியில் வைத்துவிட்டு, "தாங்கள் இன்று இந்த அரண்மனையை விட்டு அகலலாகாது. இது கட்டளை" என்றாள்.

சாயங்காலச் சாப்பாட்டில், மொழிபெயர்க்கிற போன் ஒன்றை மேசை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். சாப்பிட்டு முடித்ததும் மால்சூன் தட்டுகளைப் படம் எடுக்க அனுமதி கேட்டாள்.

"மலை இருக்கு, கோயில் இருக்கு, செர்ரிப் பூ இருக்கு. எச்சில் தட்டுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார் கிஜிமா.

அவள் சும்மா வேடிக்கைக்கு என்று சொல்லத்தான் நினைத்தாள். வேறு என்னவோ வந்துவிட்டது.

"எங்கப்பா தட்டுல ஒரு பருக்கை இருக்காது. வழிச்சுத் தொடைச்ச மாதிரி இருக்கும். அப்பவும் ஒரு பிடி சோத்தத் துணியில சுத்தி இடுப்புல செருகிப்பார். சாகிற வரைக்கும். திருடிக்கிட்டுப் போறவர் மாதிரி. நாங்க பாக்காத மாதிரி இருப்போம். சின்ன வயசுல இந்தப் பக்கம் ஏதோ சுரங்கத்துக்குக் கொண்டுவந்தாங்களாம். கடலுக்கு அடியில இருந்ததாம்."

போன் அதை ஒரு சின்னப் பெண்ணின் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லி முடித்தது. கிஜிமா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். சாப்பாட்டு வேளையில் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று மால்சூனுக்கு உடம்பு கூசியது.

அவர் திரும்பிவந்து உட்கார்ந்தார். "அந்த இடம் எனக்குத் தெரியும். கார்ல போனா ரொம்ப நேரம் ஆகாது. பொறந்ததுலேர்ந்து இங்கதான் இருக்கேன், ஒரு நாளும் போனதில்ல. போகணும்னு தோணல. தோணக்கூடாதுன்னு இருந்தேனோ என்னவோ. நாளைக்குக் கடை லீவு. போயிட்டு வருவோம்."

"நாளைக்குச் சனிக்கிழமையாச்சே. ஆள் வருவாங்களே" என்றாள் ஃபுமியே, தன் மொழியில்.

"வரட்டும். முடி எங்க போயிடும்? வளந்துக்கிட்டுத்தானே இருக்கும்."

காலையில் மழை விட்டிருந்தது. அந்த இடத்தில் பார்க்க ஒன்றுமில்லை. புல் மண்டிய ஒரு மேடு, வீடுகளுக்குப் பின்னால் சுரங்கத்தில் செத்தவர்களுக்காக நட்ட ஒரு கல், அதில் கொரிய எழுத்திலும் சில வரிகள். யாரோ வைத்த பூ வாடிக் கிடந்தது. கீழே கடல். ஃபுமியே விடியலில் பிடித்த சோற்றுருண்டைகளைக் கல்லுக்கு முன்னால் வைத்தாள். அதைக் கண்டதும் மால்சூன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெண்மையாக, உப்புப் போட்டுப் பிடித்த நல்ல சோறு. அப்பா இருந்தால் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு போயிற்று. மோட்டார் சத்தம் தெளிவாகக் கேட்டது. அது மறைகிறவரை அவள் கேமராவைத் தொடவில்லை. அப்புறம் எழுந்து, வெறும் கடலை மட்டும் ஒரு படம் எடுத்தாள்.

கிஜிமா தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் குனிந்து என்னவோ சொன்னார். போன் காரில் இருந்தது. மால்சூன் ஃபுமியேயைப் பார்த்தாள். ஃபுமியேக்குத் தெரிந்த கொரிய மொழியில் அதற்கு ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. தொடர்களில் மந்திரிகள் ராஜா காலில் விழுந்து சொல்வது.

"மரண தண்டனைக்குரிய பிழை செய்தோம். எங்களைத் தண்டியுங்கள்."

சொன்னவளே அழுதுவிட்டாள். மால்சூனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவளிடமும் கப்பல் மொழிதான் இருந்தது. அதில் தேடி, துறைமுகம் வந்ததும் சொல்வதை எடுத்து, இருவரையும் வணங்கிச் சொன்னாள்: "எங்களோடு பயணம் செய்தமைக்கு மனமார்ந்த நன்றி."

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். இன்சிக் பேச்சைக் காதில் வாங்கவே மறுத்தார்.

"அவன் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு வந்திருக்க. அப்பாவுக்குப் பதிலா நீ போய் மன்னிச்சுட்டு வந்தியோ?"

"அப்பாவுக்குப் பதிலா மன்னிக்க நான் யாரு அண்ணே? அது அவரோட போச்சு. ஆனா மழையில நின்னவள உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. கடைய மூடிட்டுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அந்த மனுஷன் என் எதிர்ல தலை குனிஞ்சு நின்னார். அதுக்கு நன்றி சொல்றது என் உரிமை. அத நீங்க தடுக்க முடியாது."

கடல் படத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். அவர் தொடவில்லை.

இலையுதிர் காலத்தில் கிஜிமாவும் ஃபுமியேயும் பூசானுக்கு வந்தார்கள். கியூதே டாக்சியை இரண்டு தரம் கழுவி, துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்தார். மீன்சந்தையில் ஃபுமியே அந்தப் பழைய மீன்காரியைப் பார்த்து, "மகாராணியாரே, இம்மீனின் விலை யாதோ?" என்று கேட்க, அவள், "அடி என் தங்கமே! நாப்பது வருஷமா கடை போட்டிருக்கேன், இப்பத்தான் ஒருத்தி என்ன யாருன்னு கண்டுபிடிச்சிருக்கா" என்று ஒரு கணவாயைச் சும்மாவே தூக்கிப் போட்டாள்.

மேல்மாடிச் சாப்பாட்டுக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கதவில் இன்சிக் வந்து நின்றார். இடத்தை மட்டும் மால்சூன் சொல்லிவைத்திருந்தாள். வருவார் என்று நம்பவில்லை. அவர் செருப்பைக் கழற்றி, கிஜிமாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்தது அந்தக் கடல் படம்.

"இந்த இடம் குளிருமா?" என்று போனைப் பார்த்துக் கேட்டார்.

கிஜிமா அவசரப்படாமல் பதில் சொன்னார். "குளிரும். மாசிக் காத்து எலும்புக்குள்ள போகும். போர்வை இல்லாம அங்க ஒரு ராத்திரி தாங்காது."

இன்சிக் தலையசைத்தார். "கோடையிலயும் எங்கப்பா கழுத்துல துண்டு சுத்தியிருப்பார். நாங்க கிண்டல் பண்ணுவோம்." பிறகு சோஜு சாராயப் புட்டியை எடுத்து எதிரில் இருந்த கோப்பையில் ஊற்றினார். கிஜிமா இரண்டு கையாலும் ஏந்தி, மூத்தவர் முன்னால் கொரியர்கள் குடிக்கிற முறைப்படி முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார்.

"யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் இன்சிக்.

கிஜிமா மனைவியைக் காட்டினார். "வீட்ல தினமும் ராஜா குடிக்கிறார். பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

இன்சிக் சிரிக்கவில்லை. ஆனால் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். அவர்களுக்குள் நட்பு வந்துவிட்டது என்றெல்லாம் சொல்வதற்கில்லை. மறுநாள் கப்பல் புறப்படும் முன், காய்ந்த நெத்திலி ஒரு பெட்டி அண்ணன் வீட்டிலிருந்து வந்தது. யாருக்கு என்று எழுதியிருக்கவில்லை. மால்சூன் அதை ஃபுமியேயின் பையில் வைத்தாள்.

அதற்கப்புறம் இரண்டு பெண்களும் சேர்ந்தே ஊர் சுற்றுகிறார்கள். ஒரு தடவை அங்கே, ஒரு தடவை இங்கே. ஃபுமியேயும் ஒரு கேமரா வாங்கிவிட்டாள். அவள் எடுக்கும் படத்தில் மனிதர்களுக்குத் தலை இருப்பதில்லை. போன வசந்தத்தில் கியோங்ஜுவில், பச்சைப்புல் போர்த்திய ராஜாக்களின் சமாதி மேடுகளுக்கு நடுவில், இருவருக்கும் நல்ல சண்டை.

"முடி வெட்டுறவர் பொண்டாட்டி தலையவே வெட்டினா எப்படிடீ?"

"அக்கா, வாய அடக்குங்க. உங்க படத்துல மட்டும் மனுஷங்களா இருக்காங்க? எல்லாம் காலித் தட்டு!"

ஃபுமியேயின் கொரிய மொழி இப்போது சந்தைப் பேச்சுக்கு இறங்கிவிட்டது. மால்சூனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பேட்டைச் சமூகக் கூடத்தில் போன வருஷம் அவளுடைய தட்டுப் படங்களை வரிசையாக மாட்டினார்கள், பூசான் தட்டு ஒன்று, ஜப்பான் தட்டு ஒன்று என்று. வந்து பார்த்த ஒரு பெண், இவ்வளவு தூரம் அலைஞ்சு உங்களுக்கு என்ன கிடைச்சுது என்று கேட்டாள். மால்சூன் சொன்னாள்:

"ரெண்டு கரையிலயும் எனக்குச் சோறு போட ஆளிருக்கு. இது எத்தன பேருக்குக் கிடைக்கும், சொல்லு?"